உலோகத்தின் மேல் ஒரு பாலிமர் தோல்: வாசகர் கேள்வி – பதில்

கரைசலில் இருக்கும் சிறு மூலக்கூறுகளை மின்சாரத்தால் ஒன்றோடொன்று கோத்து, உலோகத் தகட்டின் மேலேயே பாலிமர் படலமாக வளர்க்கும் முறை பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. செய்துபார்த்துத் தடுமாறியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அனிலீனையும் கந்தக அமிலத்தையும் கலந்து, பிளாட்டினத் தகட்டில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் பச்சைப் படலம் வரும் என்கிறது செய்முறைக் குறிப்பு. எங்களுக்குக் கரைசல்தான் பழுப்பாகிறது. தகடு பளபளவென்று அப்படியே இருக்கிறது.
– எம்.எஸ்ஸி. வேதியியல் மாணவி, திருச்சி

பதில்: கரைசல் பழுப்பாகிறது என்றால் வினை நடக்கிறது. விளைபொருள்தான் தகட்டில் தங்கவில்லை. அனிலீன் மூலக்கூறு தகட்டைத் தொட்டு ஓர் எலக்ட்ரானை இழந்ததும் ரேடிக்கல் கேட்டயான், அதாவது துணையில்லாத ஓர் எலக்ட்ரானும் நேர்மின்னூட்டமும் கொண்ட துகள், ஆகிறது. அப்படி இரண்டு சேர்ந்து இரட்டையாகி, இரட்டை நான்காகி, சங்கிலி ஓரளவு நீண்டதும் கரைசலில் கரைய முடியாமல் தகட்டில் படிகிறது. அந்த நீளத்தை எட்டுவதற்குள் குட்டைச் சங்கிலிகள் தகட்டை விட்டு விலகிப்போனால் பழுப்புக் கரைசல்தான் மிஞ்சும்.

விலகிப்போவதற்கு முதல் காரணம், பலரும் யோசிக்காத ஒன்று: காந்தக் கலக்கி. கரைசலைத் தயாரிக்கும்போது கலக்குங்கள். படலம் வளரும்போது நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, அமிலம் போதாமை. பி.எச். 3, 4 என்று ஏறினால் அனிலீன் சங்கிலியாக நீளாமல் மின்சாரம் கடத்தாத பழுப்புக் குட்டைச் சங்கிலிகளாக நின்றுவிடும். 100 மி.லி. கரைசலுக்கு அளவு இதுதான்: சுமார் 90 மி.லி. தண்ணீரில் அடர் கந்தக அமிலம் 2.7 மி.லி. மெதுவாக விடுங்கள். ஆறியதும் அனிலீன் 0.91 மி.லி. சேர்த்து, தண்ணீரால் 100 மி.லி. ஆக்குங்கள். அமிலம் 0.5 மோலார், அனிலீன் 0.1 மோலார். அனிலீன் விழும் இடத்தில் வெள்ளையாகத் திரியலாம். அது அனிலீனியம் சல்பேட், கலக்கினால் கரைந்துவிடும்.

மூன்றாவது, அனிலீனின் வயது. புட்டியில் அது தேநீர் நிறத்தில் இருந்தால் அப்படியே எடுக்காதீர்கள். சிட்டிகை துத்தநாகத் தூள் போட்டு, அழுத்தத்தைக் குறைத்துக் காய்ச்சி வடித்து, நிறமில்லாத பகுதியை மட்டும் இருட்டில், குளிரில் வையுங்கள். அனிலீன் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்தீமோகுளோபினாக மாற்றும். கையுறையும் புகைபோக்கி அறையும் இல்லாமல் புட்டியைத் திறக்க வேண்டாம்.

ஓட்டும் முறை: சில்வர்–சில்வர் குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராக –0.2 முதல் +0.9 வோல்ட் வரை, நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில். ஒரு சுற்றுக்கு 44 நொடி ஆகும். முதல் சுற்றில் 0.8 வோல்ட் தாண்டியபின்தான் மின்னோட்டம் எழும்பும். இரண்டு மூன்று சுற்றில் 0.2 வோல்ட் அருகே ஒரு சிறு முகடு முளைத்து, சுற்றுக்குச் சுற்று உயர்ந்தால் படலம் ஒட்டிவிட்டது என்று பொருள். அதன்பின் மேல் எல்லையை 0.78 வோல்ட்டுக்கு இறக்கிவிடுங்கள். தகட்டில் ஏற்கெனவே இருக்கும் பாலிஅனிலீனே அடுத்த அனிலீனைப் பிடித்துக்கொள்ள உதவுவதால், முதலில் தேவைப்பட்ட உயர் வோல்ட் பிறகு தேவைப்படாது. 20 சுற்றில், கால் மணி நேரத்துக்குள், கண்ணுக்குத் தெரியும் பச்சை வந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் ஒப்பீட்டு மின்முனையின் நுனியைப் பாருங்கள். நுண்துளை அடைப்பானுக்குள் ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் போதும், கருவி காட்டும் வோல்ட் ஒன்று, தகடு அனுபவிப்பது வேறொன்று. விரலால் தட்டிக் குமிழியை மேலே அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் வரைபடத்தில் இரண்டு முகடு வரவேண்டிய இடத்தில் மூன்று வருகிறது. நடு முகடு 0.5 வோல்ட் பக்கம். அது என்ன?
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: முதல் முகடு பாலிஅனிலீன் வெளிர் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுவது. கடைசி முகடு பச்சையிலிருந்து நீல ஊதாவுக்கு மாறுவது. இந்த இரண்டும் படலத்தின் சொந்தச் சொத்து. நடுவில் வருவது சேதத்தின் அடையாளம். நீல ஊதா நிலையில் சங்கிலியைத் தண்ணீர் தாக்கி உடைக்கிறது. குயினோன் வகைப் பொருள்கள் பிரிகின்றன. சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பும் விழுகிறது. மேல் எல்லையை 0.9 வோல்ட்டிலேயே விட்டுவைத்தால் சுற்றுக்குச் சுற்று நடு முகடு பெருத்து, கடைசியில் முதல் முகட்டையே விழுங்கும். 0.78க்கு இறக்கச் சொன்னது இதனால்தான். சந்தேகம் தீர, வெற்றுத் தகட்டை அமிலத்தில் வைத்து, சிட்டிகை ஹைட்ரோகுயினோன் போட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். முகடு விழும் இடத்தை உங்கள் நடு முகட்டோடு ஒப்பிடலாம்.

கேள்வி: பொட்டென்ஷியோஸ்டாட் (மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்க எங்கள் கல்லூரியில் வசதியில்லை. வேறு வழி உண்டா?
– கல்லூரி ஆசிரியர், விருதுநகர்

பதில்: அனிலீனுக்குப் பதில், அதைப் போலவே சங்கிலியாகக் கோக்கக்கூடிய பைரோலை எடுத்துக்கொண்டால் 9 வோல்ட் பேட்டரியும் ஒரு ரெசிஸ்டரும் போதும். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதற்குப் பதில் மின்னோட்டத்தை நிலையாக வைக்கிறோம். செய்து காட்டுவதற்கு அனிலீனைவிட பைரோல்தான் நம்பகமானது. சுமார் 0.6, 0.7 வோல்ட்டிலேயே ஆக்சிஜனேற்றம் அடையும், அமிலமும் வேண்டியதில்லை.

100 மி.லி. தண்ணீரில் சோடியம் பாரா-டொலுயீன் சல்ஃபோனேட் 1.94 கிராம், பைரோல் 0.69 மி.லி.; இரண்டும் 0.1 மோலார். பைரோல் பழுப்பாகியிருந்தால் வடிக்க உட்கார வேண்டாம். ஒரு சொட்டுக்குழாயின் கழுத்தில் பஞ்சு வைத்து, மேலே அலுமினாத் தூளை இரண்டு விரற்கடை உயரம் நிரப்பி, அதன் வழியாக விடுங்கள். நிறமற்றுச் சொட்டும்.

தகடு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 600 எண் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து, சோப்பு, தண்ணீர், ஆல்கஹால் என்று கழுவி, 1 செ.மீ.க்கு 1 செ.மீ. மட்டும் திறந்திருக்கும்படி மீதியையும் பின்பக்கத்தையும் நகப்பூச்சால் மூடுங்கள். (அசிட்டோநைட்ரைல் கரைசலில் நகப்பூச்சு கரைந்துவிடும், தண்ணீரில் கவலையில்லை.) இதுதான் நேர்மின்முனை. எதிரே இரண்டு செ.மீ. தள்ளி, இதைவிடப் பெரிய எஃகு வலை அல்லது கிராஃபைட் தண்டு. தொடரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். கலத்தில் சுமார் 1.7 வோல்ட் விழும், மீதி 7.3 வோல்ட் ரெசிஸ்டரில். ஆக மின்னோட்டம் ஒன்றரை மில்லி ஆம்பியர். கலத்தின் எதிர்ப்பு சற்று மாறினாலும் மின்னோட்டம் அதிகம் அசையாது. ரெசிஸ்டர் இல்லாமல் பேட்டரியை நேரே மாட்டினால் தண்ணீர் பிளந்து குமிழி கிளம்பி, படலம் செதில் செதிலாக உதிரும்.

சில நொடிகளில் தகடு வெண்கல மஞ்சளாகும், பிறகு நீலம் கலந்த கறுப்பு, பிறகு நல்ல கறுப்பு. ஐந்து நிமிடம் போதும். வெளியே எடுத்துத் தண்ணீரில் முக்கிக் கழுவுங்கள். குழாயடியில் பீய்ச்ச வேண்டாம்.

கேள்வி: படலத்தின் தடிமனை அளக்காமலே சொல்ல முடியுமா?
– மாணவர், பெங்களூரு

பதில்: பைரோலில் ஓரளவு முடியும். ஒவ்வொரு பைரோல் அலகும் சங்கிலியில் சேர 2 எலக்ட்ரான் இழக்கிறது. சேர்ந்த சங்கிலி மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மூன்று நான்கு அலகுக்கு ஒரு நேர்மின்னூட்டம் பெறுகிறது. அதை ஈடுகட்ட, கரைசலிலிருந்து எதிர்மின்னூட்டம் கொண்ட ஓர் அயனி (எதிரயனி) படலத்துக்குள் வந்து உட்காருகிறது. ஆக, அலகுக்கு ஏறக்குறைய 2.3 எலக்ட்ரான். எதிரயனி பெர்குளோரேட் என்றும் அடர்த்தி 1.5 என்றும் வைத்துக் கணக்குப் போட்டால், சதுர செ.மீ.க்கு 1 கூலும் செலவழித்தால் 2.8 மைக்ரான் கிடைக்கும். அதாவது 1 மைக்ரானுக்கு 350 மில்லி கூலும். ஆய்வுக் கட்டுரைகளில் 240 மில்லி கூலும் என்ற கணக்கையும் பார்ப்பீர்கள். எதிரயனியையும் படலத்தின் நெருக்கத்தையும் பொறுத்து இது மாறும். முந்தைய பதிலில் ஒன்றரை மில்லி ஆம்பியர் 300 நொடி ஓடியது. 450 மில்லி கூலும். படலம் 1.3 முதல் 1.9 மைக்ரான் இருக்கலாம்.

இந்தக் கணக்கு, செலவான எல்லா எலக்ட்ரானும் பைரோலிலிருந்துதான் வந்தது என்று நம்புகிறது. பிளாட்டினத்திலும் தங்கத்திலும் அது பெரும்பாலும் உண்மை. இரும்பில் முழுப்பொய். ஏனென்று அடுத்த பதிலில்.

அனிலீனை ஏற்றி இறக்கி வளர்க்கும்போது மொத்த மின்னூட்டத்தைக் கூட்டாதீர்கள். படலம் நிறம் மாறி மாறித் தின்னும் மின்னூட்டமும் அதில் சேர்ந்துவிடும். முதல் முகட்டின் பரப்பை மட்டும் ஒப்பிடுங்கள். உறுதியான எண் வேண்டுமென்றால் ஊசியால் படலத்தைக் கீறி, புரொஃபைலோமீட்டரில் படியின் உயரத்தை அளப்பதே வழி.

கேள்வி: அதே பைரோல் கரைசல், அதே பேட்டரி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வந்த படலம் சாதாரண இரும்பில் வரவில்லை. தகடு கரைந்து கரைசல் கலங்குகிறது. வோல்ட்டை ஏற்றியும் பயனில்லை.
– பாலிடெக்னிக் ஆசிரியர், ஓசூர்

பதில்: வோல்ட்டை ஏற்றினால் இரும்பு இன்னும் வேகமாகக் கரையும், அவ்வளவுதான். உலோகத் தகட்டை நேர்மின்முனையாக்கும் கணத்தில் இரண்டு வினைகள் போட்டியிடுகின்றன: பைரோல் எலக்ட்ரானை விடுவது, உலோகம் எலக்ட்ரானை விடுவது. பைரோலுக்கு +0.6 வோல்ட் வேண்டும். இரும்புக்கு –0.5 வோல்ட்டே போதும். ஒரு வோல்ட்டுக்கு மேல் முன்னால் நிற்கும் ஓட்டக்காரனோடு பைரோல் எப்படி ஜெயிக்கும்? மின்னோட்டம் முழுவதையும் இரும்பே எடுத்துக்கொள்வதால் தகட்டின் மின்னழுத்தம் பைரோலின் எல்லைக்கு ஏறவே ஏறாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மேலே குரோமியம் ஆக்சைடு கவசம் ஏற்கெனவே இருக்கிறது. அது கரைதலைத் தடுக்கும், எலக்ட்ரானை மட்டும் விடும். இரும்புக்கு அந்தக் கவசத்தை நாம்தான் போட்டுத் தர வேண்டும்.

எளிய கவசம் ஆக்சாலிக் அமிலம். 100 மி.லி. தண்ணீரில் ஆக்சாலிக் அமிலப் படிகம் 1.26 கிராம், பைரோல் 0.69 மி.லி. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கொஞ்சம் கரையும். கரைந்த அயனி ஆக்சாலேட்டோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத மஞ்சள் நிற ஃபெரஸ் ஆக்சாலேட்டாகத் தகட்டின் மேலேயே படியும். பலர் இந்த மஞ்சளைப் பார்த்ததும் ஏதோ கெட்டுப்போயிற்று என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். மஞ்சள் முழுத் தகட்டையும் மூடியதும் கரைதல் அடங்கும். தகட்டின் மின்னழுத்தம் திடீரென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் தாவும். அங்கே பைரோல் வினைபுரியும், ஆக்சாலேட் படிகங்கள் சிதைந்து விலகும், கறுப்பு பரவும். கலத்தின் இரு முனைக்கும் குறுக்கே மல்ட்டிமீட்டரை வைத்தால் இந்தத் தாவலைக் கண்ணால் பார்க்கலாம். தாவும்வரை காத்திருக்கும் நேரம் மின்னோட்ட அடர்த்தியைப் பொறுத்தது. சதுர செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியரில் பொறுமை வேண்டும். 5 மில்லி ஆம்பியரில் சீக்கிரம் தாவும். பேட்டரியில் 5 வேண்டுமென்றால் 4.7 கிலோ ஓமுக்குப் பதில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர். தாவலுக்கு முன் போன மின்னூட்டம் எல்லாம் இரும்பைக் கரைக்கப் போனது. தடிமன் கணக்கில் அதைக் கழித்துவிடுங்கள்.

குளோரைடு உப்பை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். இரும்பின் கவசத்தையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கவசத்தையும் அது துளை போட்டு உடைக்கும். தங்கத்திலும் இதே எச்சரிக்கை உண்டு: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அனிலீனை வளர்க்கப் போனால், அனிலீன் வினைபுரியும் வோல்ட்டில் தங்கம் குளோரைடோடு கூடிக் கரையும். கண்ணாடியில் பூசிய மெல்லிய தங்கப் பூச்சு என்றால் ஓரத்திலிருந்து காணாமலே போய்விடும்.

தாமிரத்துக்குச் சோடியம் சாலிசிலேட் பொருந்தும்: 100 மி.லி.க்கு 8 கிராம், நடுநிலைக் கரைசல். இரும்புக்கு ஆக்சாலேட் செய்த வேலையை இங்கே தாமிர சாலிசிலேட் செய்கிறது. அலுமினியத்தில் சிக்கல் தலைகீழ். கவசம் இருக்கிறது, ஆனால் அது எலக்ட்ரானையும் விடாது. டைரான் என்ற கேட்டகால் வகைச் சல்ஃபோனேட்டைக் கரைசலில் சேர்த்தால் பைரோலுக்குத் தேவையான மின்னழுத்தம் வெகுவாக இறங்கி, அலுமினியத்திலும் படலம் வருகிறது. ஆனால் முதல் முயற்சிக்கு அலுமினியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் இந்தப் படலம் இரும்பைத் துருவிலிருந்து காக்குமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இந்த ஆசைக்கு ஆதாரம் உண்டு. 1985இல் டிபெரி என்ற ஆய்வாளர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மின்வேதி முறையில் வளர்த்த பாலிஅனிலீன், கந்தக அமிலத்தில் அந்த எஃகைக் கரையவிடாத நிலையில் நிறுத்திவைப்பதைக் காட்டினார். வெறும் பெயின்ட் போல மூடிவைப்பதல்ல. ஆக்சிஜனேற்றம் அடைந்த பாலிமர் உலோகத்தின் மின்னழுத்தத்தை உயர்த்திப் பிடித்து, ஆக்சைடு கவசத்தைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சோதனை நடந்தது அமிலத்தில். உங்கள் ஊரின் உப்புக்காற்று வேறு. படலத்தில் ஒரு கீறல் விழுந்து, அங்கே குளோரைடு கவசத்தைக் கட்டவிடாமல் தடுத்தால், அகன்ற படலம் முழுவதும் எதிர்மின்முனையாகவும் குறுகிய கீறல் நேர்மின்முனையாகவும் மாறும். அப்போது படலம் இல்லாத இரும்பைவிடக் கீறலில் வேகமாகக் குழி விழக்கூடும். இந்தத் துறையில் ஒரு கட்டுரை காக்கிறது என்றும் அடுத்த கட்டுரை கெடுக்கிறது என்றும் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். மெல்லிய அடிப்பூச்சாக வைத்து, மேலே எபாக்சி பூசினால் பேசலாம். தனியாக ஒரு மைக்ரான் கறுப்பை நம்பி இரும்புக் கதவைக் கடற்கரையில் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: கார் உடலைத் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் பெயின்ட் ஏற்றுகிறார்களே, அதுவும் இதுதானா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: இல்லை. அங்கே பாலிமர் தொட்டிக்கு வரும்போதே தயாராக இருக்கிறது; அமீன் சேர்த்த எபாக்சித் துகள்கள் அமிலத்தால் நேர்மின்னூட்டம் பெற்றுத் தண்ணீரில் மிதக்கின்றன. கார் உடல் எதிர்மின்முனை. அதன் மேற்பரப்பில் தண்ணீர் பிளந்து காரத்தன்மை ஏறும். துகள் மின்னூட்டத்தை இழந்து கரையாமல் படியும். மின்னழுத்தம் ஒன்றிரண்டு வோல்ட் அல்ல, 200க்கு மேல். படிந்த இடம் மின்சாரத்தைத் தடுப்பதால் மின்னோட்டம் இன்னும் படியாத மூலை முடுக்கைத் தேடிப் போகிறது. கதவின் உட்புறம்கூடப் பூசப்படுவது இதனால். சுமார் 20 மைக்ரான் ஏறியதும் அடுப்பில் 160–180 டிகிரியில் வேகவைக்கிறார்கள். சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது அடுப்பில்தான். உலோகம் எதிர்மின்முனையாக இருப்பதால் அது கரையும் தொல்லையும் இல்லை. பைரோலை அப்படி வளர்க்க முடியாது, அது எலக்ட்ரானை இழந்தாக வேண்டும்.

கேள்வி: தயோஃபீனில் பாலிமர் வரவேயில்லை. ஏன்?
– ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: தண்ணீரில் முயன்றிருந்தால் வராது. தயோஃபீன் வினைபுரிய 1.6 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்குமுன் தண்ணீரே பிளந்துவிடும். உலர்ந்த அசிட்டோநைட்ரைலில் வரும், ஆனால் அந்த வோல்ட்டில் உருவாகும் பாலிதயோஃபீனே கூடுதல் ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போகும். பிறக்கும் இடமே அதற்குப் பகை. ஈடாட் (EDOT) என்ற தயோஃபீன் வழிச்சேர்மத்துக்கு மாறுங்கள். தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், 100 மி.லி.க்கு 0.107 மி.லி. போட்டு, பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் உப்போடு நன்றாகக் கலக்கினால் 0.01 மோலார் கிடைக்கும். 1 வோல்ட் அருகே நீலப் படலம் வரும்.

கேள்வி: முதன்முதலில் இப்படிப் படலம் வளர்த்தவர் யார்?
– வாசகி, மதுரை

பதில்: 1862இல் லண்டனில் ஹென்றி லெதபி என்ற வேதியியலாளர். கந்தக அமிலத்தில் அனிலீனைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சியபோது பிளாட்டின நேர்மின்முனையில் நீலமும் பச்சையும் கலந்த படிவு வந்ததை எழுதிவைத்தார். அது பாலிமர் என்று சொல்ல அன்றைக்கு அந்தக் கருத்தே இல்லை. நல்ல, உரித்தெடுக்கக்கூடிய பாலிபைரோல் படலத்தை 1979இல் அமெரிக்காவின் சான் ஹோசேயில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் டயஸும் உடன் பணியாற்றியவர்களும் அசிட்டோநைட்ரைலில் வளர்த்தார்கள்.

கேள்வி: படலம் நன்றாகத்தான் வருகிறது, கழுவும்போது தோல் மாதிரி உரிகிறது.
– மாணவர், சேலம்

பதில்: தகடு அளவுக்கு மீறி வழவழப்பாக இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன டயஸ் குழுவினர் உரித்தெடுத்ததும் வழவழப்பான பிளாட்டினத்திலிருந்துதான். உப்புத்தாளில் 600க்கு மேல் போகாதீர்கள். தேய்த்தபின் விரல் படக்கூடாது, விரல் எண்ணெய் போதும் படலத்தைத் தூக்கிவிட. தடிமனும் காரணம்: பத்து மைக்ரான் தாண்டினால் காயும்போது சுருங்கித் தானாகவே விலகும். உரியாமல் தூளாக உதிர்ந்தால் அது வேறு கதை. மின்னோட்டம் அதிகம், பாதியாகக் குறையுங்கள்.